விளம்பரத்துக்கு வராத வேலைகள்: தொழிற்சாலை வேலை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு, கொள்முதல் பிரிவுகளில் வேலை தேடும் டிப்ளமோ, பொறியியல் படித்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் தொழிற்சாலைக்குள் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தவன் நான். திறமையுள்ள பிள்ளைகள் இணையதளத்தில் நூற்றுக்கணக்கில் விண்ணப்பித்துவிட்டுப் பதில் வராமல் சோர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

விளம்பரம் கொடுக்காமல் ஒரு நிறுவனம் ஏன் ஆள் எடுக்கிறது?

ஒரு காலியிடம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒருவர் ராஜினாமா கொடுக்கிறார். உற்பத்தி மேலாளருக்கு அன்றே தலைவலி தொடங்கிவிடும். அடுத்த மாதம் வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருகிறார். மேலாளர் முதலில் தன் ஆட்களிடம், "தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பார். பிறகு தன் பழைய நிறுவனத்து நண்பருக்கு ஒரு போன். அதற்குப் பிறகுதான் மனிதவளப் பிரிவுக்குத் தகவல் போகும். அவர்கள் கையில் இருக்கும் பழைய பயோடேட்டாக்களைப் புரட்டுவார்கள், ஊழியர்களிடம் பரிந்துரை கேட்பார்கள். அதிலும் கிடைக்காவிட்டால் ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி. வழக்கமாக ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கன்சல்டன்சிக்குக் கட்டணமாகப் போகும். விளம்பரம் வருவது கடைசியில்தான். நடுவில் எந்தப் படியில் ஆள் கிடைத்தாலும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

எண்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் சம்பளம், கேன்டீன், பஸ், ஆள் எடுப்பு எல்லாவற்றையும் ஒரே ஒருவர்தான் பார்ப்பார். சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டு இயந்திரம்) புரோகிராமர் ஒருவர் தேவை என்று இணையத்தில் போட்டால் வந்து குவியும் விண்ணப்பங்களைப் பிரிக்க அவருக்கு நேரம் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. இப்போது இருப்பவரை மாற்ற முடிவெடுத்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் ஆள் தேடும் நிறுவனங்கள் விளம்பரம் கொடுக்கவே முடியாது.

25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் அங்கே பதிந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தனியார் துறையில் அதன் பலன் குறைவாக இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எண்பது சதவீத வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை என்கிறார்களே?

அந்த எண்ணை வைத்துத் திட்டம் போடாதீர்கள். துறைக்குத் துறை, நிறுவனத்தின் அளவுக்கு ஏற்ப இது மாறும். பெரிய கார் நிறுவனம் தன் இணையதளத்தில் முறையாக அறிவிக்கும். அதற்கு உதிரிபாகம் செய்யும் நிறுவனம் பாதி அறிவிக்கும், பாதி அறிவிக்காது. அந்த உதிரிபாகத்துக்குக் கடைசல் வேலை செய்து கொடுக்கும் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறை கேட்டில் ஒரு பலகை மாட்டும், அல்லது அதுவும் செய்யாது. சங்கிலியில் கீழே போகப் போக விளம்பரம் குறையும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலையிலும் இப்படி அறிவிக்காத இடங்கள் உண்டா?

நிரந்தர அரசுப் பணியில் இல்லை. அரசியல் சாசனத்தின் 14, 16 பிரிவுகளின்படி அனைவருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும். அறிவிப்பும் போட்டியும் இல்லாமல் உள்ளே வந்தவர்கள் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று 2006-ஆம் ஆண்டு உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகத் தீர்ப்பளித்தது. "மின்வாரியத்தில் அறிவிக்காத இடம் ஒன்று இருக்கிறது, பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் அது மோசடி. பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் தனியார் துறைக்கு மட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? எனக்குத் தெரிந்த நிறுவனங்கள் பத்துக்கூட இல்லை.

நிறுவனத்தின் பெயரில் தொடங்காமல் உங்கள் கைக்குத் தெரிந்த வேலையில் தொடங்குங்கள். நீங்கள் அலுமினியம் டை காஸ்டிங்கில் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்ப்பது) மூன்று ஆண்டு இருந்தவர் என்றால், அந்த வேலை யாருக்கெல்லாம் தேவை? இருசக்கர வாகனப் பாகம், பம்பு, மோட்டார், மின்சாதனப் பெட்டி, எல்.இ.டி. விளக்கின் உடல் என்று பட்டியல் விரியும். மெக்கானிக்கல் படித்தேன், எந்த வேலையும் செய்வேன் என்று சொல்பவர் எந்த மேலாளருக்கும் நினைவில் நிற்க மாட்டார். வார்ப்பில் வரும் காற்றுத்துளைக் குறையைக் கண்டுபிடித்துக் குறைக்கத் தெரியும் என்றால் நினைவில் நிற்கும்.

அடுத்து, அந்த வேலை நடக்கும் இடங்களை வரைபடமாகப் போடுங்கள். தொழில் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல் இதற்கு நல்ல ஆதாரம். கோவையில் கொடிசியா, அம்பத்தூரில் ஐயீமா, ஓசூரில் ஹோஸ்டியா. கொடிசியா நடத்தும் இன்டெக் கண்காட்சியிலும், ஐயீமா நந்தம்பாக்கத்தில் நடத்தும் ஆக்மி கண்காட்சியிலும் அரங்கு எடுத்தவர்களின் பட்டியல் கிடைக்கும். கண்காட்சிக்கு அரங்கு எடுப்பவர் புதிய ஆர்டர் தேடுகிறார் என்று பொருள். ஆர்டர் வந்தால் ஆள் தேவைப்படும். கண்காட்சியின் கடைசி நாள் மதியம் போங்கள். வாங்க வருபவர்கள் குறைந்திருப்பார்கள். அரங்கில் நிற்பவர் பெரும்பாலும் உரிமையாளரோ மூத்த பொறியாளரோதான், பேசவும் நேரம் வைத்திருப்பார்.

முப்பது முதல் நாற்பது நிறுவனங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், என்ன இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யார் என்று நான்கு கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டம் முதலில் காலியாக இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

வெளியிலிருந்து பார்த்து எந்த நிறுவனம் ஆள் எடுக்கப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யாரும் அதிகம் சொல்லிக்கொடுக்காத பகுதி இது. பொதுவில் கிடைக்கும் அரசு ஆவணங்களே நிறையச் சொல்லும், காசும் செலவில்லை.

முதலில் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளம். அதில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு தொகை, எத்தனை ஊழியர்களுக்குக் கட்டப்பட்டது என்று வரும். ஜனவரியில் 112 பேர், ஜூனில் 131 பேர் என்றால் அந்த நிறுவனம் வளர்கிறது. 112 பேர் 90 ஆகியிருந்தால் காரணம் விசாரிக்காமல் போகாதீர்கள். கட்டவேண்டிய மாதங்கள் விட்டுப்போயிருந்தால் சம்பளமும் தள்ளிப்போகிறது என்று சந்தேகப்பட இடமுண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்ததாரரின் கணக்கில் வருவார்கள் என்பதால் மொத்த ஆள் எண்ணிக்கை இதைவிட அதிகமாக இருக்கலாம்.

இரண்டாவது, நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளம். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் இயந்திரத்தை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்கினால் அது அங்கே பதிவாகும். புதிய கடன் பதிவு தெரிந்தால், பல நேரங்களில் புதிய இயந்திரமோ கட்டடமோ வரப்போகிறது. ஆர்டர் போட்ட இயந்திரம் வந்து இறங்கச் சில மாதங்கள் ஆகும். அதை இயக்க, புரோகிராம் எழுத, பழுது பார்க்க ஆள் வேண்டும். அந்த இடைவெளிதான் உங்கள் நேரம். கோவையில் பல பட்டறைகள் பார்ட்னர்ஷிப் முறையில் நடப்பவை. அவை இந்தத் தளத்தில் வராது.

பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால் இன்னும் எளிது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருப்பவை 2022-23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருக்கிறது. ஆண்டறிக்கையோடு அது இருக்கும். அதன் முதல் பகுதியிலேயே எத்தனை ஊழியர்கள், மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் பேர் வெளியேறினார்கள் என்று போட்டிருப்பார்கள். 2,000 நிரந்தர ஊழியர்கள், வெளியேறும் விகிதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு சுமார் 300 நாற்காலிகள் காலியாகின்றன. இத்தனைக்கும் விளம்பரம் பார்த்தீர்களா? விகிதம் மிக அதிகமாக இருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதிப்பொருள், சிமென்ட், மருந்து மூலப்பொருள் போன்ற துறைகளில் இருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தையும் பாருங்கள். விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்த ஆலைகளின் விவரம் இருக்கும்.

முதலீட்டாளர் மாநாட்டுச் செய்திகளைப் பார்த்ததும் விண்ணப்பிக்கலாமா?

ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே வேலை வராது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டுக்கான உறுதிமொழிகள் வந்தன. அவற்றில் தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை வேகமாக நடந்த ஒன்று. 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் திறப்பு. வேகமாக நடந்ததற்கே ஒன்றரை ஆண்டு ஆனது.

புதிய ஆலையில் எல்லாரையும் ஒரே நாளில் எடுப்பதில்லை. முதலில் கட்டுமானம், மின்சாரம், பாதுகாப்பு, அரசு அனுமதிகளைக் கவனிப்பவர்கள், கொள்முதல், மனிதவளம். இயந்திரம் இறங்கும்போது பராமரிப்புப் பொறியாளர்கள். சோதனை உற்பத்திக்கு முன்பு தரக்கட்டுப்பாடும் உற்பத்தியும். கடைசியில் ஆபரேட்டர்கள். உங்கள் பிரிவின் முறை எப்போது வரும் என்று கணக்கிட்டு, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். ஆரம்பத்தில் சேர்ந்த மனிதவள மேலாளருக்குக் கையில் பட்டியலே இருக்காது, உங்கள் பயோடேட்டாவை வைத்துக்கொள்வார். இன்னொன்று: புதிய ஆலைக்கு ஆட்கள் போகும்போது பழைய ஆலைகளில் அந்த இடங்கள் காலியாகின்றன. இடம் மாறப் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

யாரிடம் கேட்பது? நண்பர்களிடம் கேட்டாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை.

நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். 2022-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்து இதைச் சோதித்தது. ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்று கண்டது. கணினியை அதிகம் சாராத துறைகளில் நெருக்கமான பழக்கத்துக்கு வலு கூடுதல் என்றும் சொன்னது. தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். ஒருவரின் கைவேலையை நேரில் பார்த்தவர் சொல்லும் சொல்லுக்கு எங்கள் தொழிலில் மதிப்பு அதிகம்.

ஆகவே, உங்கள் வேலையைப் பார்த்திருக்கிற, ஆனால் உங்கள் நிறுவனத்தில் இல்லாத மனிதர்களை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தைப் பழுது பார்க்க வரும் சர்வீஸ் பொறியாளர் வாரம் நான்கு தொழிற்சாலைக்குப் போகிறவர். கட்டிங் டூல் விற்பனையாளருக்கு எந்த ஆலையில் மூன்றாவது ஷிஃப்ட் தொடங்கியது என்று தெரியும், ஏனென்றால் இன்சர்ட் (வெட்டுமுனை) ஆர்டர் கூடியிருக்கும். அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கேலிபிரேஷன் ஆய்வகத்தார், ஐ.எஸ்.ஓ. தணிக்கையாளர், முலாம் பூசும் பட்டறைக்காரர், உங்கள் வாடிக்கையாளர் தரப்பில் பாகங்களைச் சரிபார்க்க வருபவர் — இவர்களெல்லாம் வாசலுக்கு வாசல் ஏறி இறங்குகிறவர்கள். காலியிடச் செய்தி மனிதவளப் பிரிவுக்குப் போகும் முன்பே இவர்கள் காதுக்கு வந்துவிடும். நான் ஆள் எடுத்த காலத்தில், நல்ல பராமரிப்பு ஆள் வேண்டுமென்றால் முதலில் கேட்டது கம்ப்ரசர் சர்வீஸ்காரர்களைத்தான்.

அறிமுகமே இல்லாத நிறுவனத்துக்கு என்ன எழுதுவது?

மனிதவளத்துக்கு மட்டும் அனுப்பாமல், உங்கள் பிரிவின் மேலாளருக்கும் அனுப்புங்கள். வேலை கேட்டு எழுதுவதைவிட, அவர் வேலையில் உங்களால் தீர்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லி எழுதுவது நல்லது. சிறு நிறுவன உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் தமிழிலேயே அனுப்பலாம். மாதிரிக்கு ஒன்று:

"ஐயா, வணக்கம். ஓசூரில் இருசக்கர வாகனப் பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அலுமினிய வார்ப்புகளில் கசிவுச் சோதனையில் வரும் நிராகரிப்பை எங்கள் லைனில் 6 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குக் குறைத்த குழுவில் இருந்தேன். தங்கள் நிறுவனம் புதிதாக வார்ப்பு இயந்திரம் நிறுவுவதாக இன்டெக் கண்காட்சியில் தங்கள் பொறியாளர் சொன்னார். தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் தேவைப்படும்போது என்னை அழைக்க வேண்டுகிறேன். பத்து நிமிடம் நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தால் சனிக்கிழமை மதியம் வருகிறேன். நன்றி."

இதில் எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது. குழுவாகச் செய்ததைத் தனியாகச் செய்ததாக எழுதினால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். இப்போதைய நிறுவனத்தின் வரைபடம், விலை, வாடிக்கையாளர் விவரம் எதையும் வெளியே சொல்லாதீர்கள். இன்று அவர்கள் ரகசியத்தைச் சொல்பவர் நாளை நம் ரகசியத்தையும் சொல்வார் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்று மாதம் விட்டுவிடுங்கள்.

'வேகன்சி இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

இன்று இல்லை என்றுதான் அதற்குப் பொருள். நேரத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பிரிவில் எப்போது தேவை வரலாம்? எனக்குத் தெரிந்த இந்த வேலைக்கு வேறு யார் ஆள் தேடுகிறார்கள்?" இரண்டாவது கேள்விக்குப் பலரும் மனமுவந்து பதில் சொல்வார்கள். தன்னிடம் இடமில்லாத மேலாளர், வந்த நல்ல பிள்ளையை நண்பருக்கு அனுப்பி வைப்பது எங்கள் தொழிலில் சாதாரணம்.

எனக்குச் சொந்தம், பந்தம், சாதி ஆட்கள் என்று யாரும் தொழில் நடத்தவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி. இந்த வழி எனக்கு மூடியதுதானே?

உங்கள் கோபம் நியாயமானது. விளம்பரம் இல்லாமல் ஆள் எடுக்கும் பழக்கத்தால் ஊர்க்காரர், உறவுக்காரர், ஒரே சாதிக்காரர் என்று சிலருக்கே கதவு திறக்கிறது. "நம்ம பையனா?" என்று கேட்டு ஆள் எடுக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு. ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், குறைந்தபட்சம் பக்கத்துப் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் காலியிடத்தைச் சொல்லி அனுப்புங்கள். உங்களுக்கும் நல்ல ஆள் கிடைப்பார்.

ஆனாலும் வழி மூடவில்லை. தொழிலில் உருவாகும் பழக்கம் பிறப்பைக் கேட்டு வருவதில்லை. உங்கள் பணிமனைப் பயிற்றுநர், உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னால் படித்தவர்கள், கல்லூரி ஆய்வகத்துக்கு இயந்திரம் விற்ற நிறுவனத்தின் ஆள் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள். மூத்த மாணவரிடம் நேரடியாக வேலை கேட்டால் அவர் சங்கடப்படுவார். "உங்கள் ஆலையில் என்ன மென்பொருள், என்ன கருவி பயன்படுத்துகிறீர்கள், நான் எதைக் கற்க வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதைக் கற்றுக்கொண்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்துவிட்டு வந்து நிற்பவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே மறக்க மாட்டார்.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு உறுதியான ஒரு கதவு அப்ரன்டிஸ் பயிற்சி. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும் என்பது அப்ரன்டிஸ் சட்டத்தின் விதி. பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. பல நிறுவனங்கள் இந்த இடங்களைச் சரியாக நிரப்புவதில்லை. "அப்ரன்டிஸாகச் சேரத் தயார்" என்று சொல்லிப் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவது குறையும். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அந்த ஓராண்டில் உங்கள் கைவேலையைப் பார்த்தவர்கள் உருவாகிவிடுவார்கள் என்பதே லாபம்.

ஆண்டில் எந்த மாதம் தேடினால் நல்லது?

தீபாவளிக்குப் பிறகும், ஏப்ரல் சம்பள உயர்வுக்குப் பிறகும். போனஸை நிதியாண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் தீபாவளிக்கு முன் கொடுத்துவிடும். போவதென்று முடிவெடுத்தவர்கள் அதை வாங்கிய பிறகு ராஜினாமா எழுதுவார்கள். ஏப்ரலில் உயர்வு எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் மே, ஜூனில் கிளம்புவார்கள். ஆகவே செப்டம்பரிலும் மார்ச்சிலும் உங்கள் பட்டியலில் உள்ளவர்களோடு பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் புது இடத்தில் சேரத் தயங்கி, தேதி தள்ளிக் கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. உடனே சேர முடியும் என்பவருக்கு அந்த மாதங்களில் முன்னுரிமை கிடைக்கும்.

இப்போது வேலையில் இருக்கிறேன். தெரிந்துவிட்டால் சிக்கல்.

அலுவலக மின்னஞ்சல், அலுவலகக் கணினி, அலுவலக போன் மூன்றையும் இதற்குத் தொடாதீர்கள். நௌக்ரி போன்ற தளங்களில் உங்கள் நிறுவனம் உங்கள் விவரத்தைப் பார்க்காமல் தடுக்கும் வசதி உண்டு. முதலில் அதைச் செய்யுங்கள். வெளியாட்களிடம் பேசும்போது "இது நமக்குள் இருக்கட்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சர்வீஸ்காரர்களும் டூல் விற்பவர்களும் உங்கள் மேலாளரோடும் டீ குடிப்பவர்கள்தான். யாரிடம் சொல்லலாம் என்று அளந்து சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்து வையுங்கள்.

இணையதளங்களும் வேலைவாய்ப்பு முகாம்களும் வேண்டாமா?

வேண்டும். தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் முகாம்களுக்கும் போங்கள். அங்கே வரும் மனிதவள அலுவலரிடம் அறிவித்த பதவியைத் தவிர வேறு எந்தப் பிரிவில் தேவை என்று கேட்டு, அவர் எண்ணை வாங்கிக்கொள்வது முகாமின் பெரிய பயன். வாரத்தில் விளம்பரங்களுக்கு ஒரு நாள், மற்ற நாள்கள் மனிதர்களுக்கு என்று பிரித்துக்கொள்வது என் யோசனை.

ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

உள்நாட்டு வேலைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முறையான கன்சல்டன்சி நிறுவனத்திடம்தான் கட்டணம் வாங்கும். பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். இணையம் வழியாகப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர்கள் மட்டுமே ஆள் அனுப்பலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள், அல்லது தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நேரில் கேளுங்கள். தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச் சொன்னால் போகவே கூடாது.

விளம்பரம் இல்லாத வேலைக்குச் சம்பளம் எவ்வளவு என்று தெரியாதே. எப்படிப் பேசுவது?

முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். அதே பிரிவில் அதே அனுபவத்தோடு பக்கத்து ஆலைகளில் இருக்கும் இரண்டு மூன்று பேரைக் கேட்டாலே ஓர் எல்லை கிடைத்துவிடும். மாதம் கையில் வருவது, வருங்கால வைப்பு நிதியின் இரு பங்குகளும் ஆண்டுத் தொகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா, போனஸ், பஸ், உணவு, ஞாயிறு வேலைக்குக் கூடுதல் ஊதியம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பழக்கத்தின் பேரில் வந்த வேலை என்பதால் கேட்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு. பரிந்துரைத்தவர் கதவைத்தான் திறந்தார், சம்பளத்தை நீங்கள்தான் பேச வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி இருக்கும் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். நியமனக் கடிதம் கைக்கு வரட்டும்.

மூன்று மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்?

யாருக்கு எழுதினீர்கள், யார் பதில் தந்தார்கள் என்று எண்ணிப் பார்த்து, எங்கே தடைபடுகிறது என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் எழுதிய யாரும் பதிலே போடவில்லை என்றால் செய்தியை மாற்ற வேண்டும், அல்லது தவறான ஆளுக்கு அனுப்புகிறீர்கள். பேசுகிறார்கள், ஆனால் நேர்முகத்துக்கு அழைக்கவில்லை என்றால் உங்கள் கைத்திறனுக்கும் அந்த நிறுவனங்களின் தேவைக்கும் பொருத்தமில்லை. பட்டியலில் பாதியை மாற்றுங்கள். நேர்முகம் வரை போய் நின்றுவிடுகிறது என்றால், உங்களைக் கடைசியாகப் பேட்டி கண்டவரையே போனில் அழைத்து எதில் குறைந்தேன் என்று கேளுங்கள். எல்லாரும் சொல்ல மாட்டார்கள். சொல்பவர் ஒரு குறிப்பிட்ட கருவியையோ வரைபடம் படிப்பதையோ சுட்டிக்காட்டினால், அதற்கு ஆறு வாரம் ஒதுக்கிக் கற்றுக்கொண்டு, அதே மனிதருக்கு மறுபடியும் எழுதுங்கள்.